சுண்டுவிரல் இடைவெளி

பைக்கின் முன்சக்கரத்தை ஏன் அகலமாக்கினாய் என்று கேட்காதீர்கள். எனக்கு வயிறு அகலமாகிக்கொண்டே போகிறது. வண்டி மட்டும் ஒல்லியாக நின்றால் ஜோடிப் பொருத்தம் வேண்டாமா? ஊரின் மறுகோடியிலுள்ள கட்கியில் பழகிய மெக்கானிக், மட்கார்டைக் கழற்றிவிட்டுத் தடித்த டயரைச் சக்கரம் தாங்கும் ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கும் நடுவே திணித்தார். இரு பக்கமும் சுண்டுவிரல் நுழையும் இடம்தான் மிச்சம்.

“விரல் போகுதுல்ல அண்ணா? பஸ், ஹோ கயா! அவ்ளோதான், முடிஞ்சுது!” என்றார்.

எனக்கு அந்த விரலே வியர்த்தது.

வீட்டில் மனைவியின் ஒரே நிபந்தனை. “ஒருக்கா பின்னாடி உக்காந்து வர்றேனுங்க. பயமா இருந்துச்சுன்னா பழைய சக்கரந்தான்.”

சனிக்கிழமை கட்கியில் ஒரு வளைகாப்பு. வானவடியில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது, எங்கள் கோயம்புத்தூர் முறைப்படி சக்கரத்தின் கீழ் மனைவி எலுமிச்சம்பழம் வைத்தாள். நசுக்கினேன். மறந்த ஹெல்மெட்டை மாடிக்குப் போய் எடுத்து வந்தேன். புறப்பட்டோம்.

மேம்பாலம் ஏறி வேகம் பிடித்ததும் கீழேயிருந்து ‘சரட், சரட்’. டயர் ஃபோர்க்கை உரசுகிறது! இனி சூடேறும், கிழியும், சக்கரம் இறுகும், நான் பறப்பேன், எனக்கு மேலே ஒரு பட்டுப்புடவை பறக்கும். சத்தம் அவளுக்குக் கேட்காமலிருக்கப் பாட ஆரம்பித்தேன்.

“என்னங்க, வண்டில ஏதாச்சும் கோளாறா?”

“ஏன்?”

“பாடறீங்களே.”

அப்போது முழங்காலில் ஈரம் தெறித்தது. பிரேக் ஆயிலேதான்! பாலம் இறங்கியதும் ஓரங்கட்டினேன். ஈரத்தைத் தொட்டு முகர்ந்தால் புளிப்பு வாடை. நெற்றி வியர்வையை அதே விரலால் துடைத்தேன். இடது கண் பற்றி எரிந்தது. மிச்சமிருந்த கண்ணால் குனிந்து பார்த்தேன். ஹெட்லைட்டுக்குக் கீழே கறுப்புக் கயிறு. அதில் பாதி எலுமிச்சை, கிழிந்த பச்சைமிளகாய்கள். இந்த ஊர் சிக்னல்களில் சனிக்கிழமை விற்கும் லிம்பு-மிர்ச்சி என்ற திருஷ்டிக் கயிறு. நான் மாடிக்குப் போன நேரத்தில் கட்டியிருக்கிறாள். முன்பெல்லாம் அது மட்கார்டின் மேல் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்; மட்கார்டு இல்லாததால் இப்போது டயரில் மாட்டி அரைபட்டிருக்கிறது.

“ரெண்டு ஊருக் கண்ணும் படுதுல்லங்க? அதான் ரெண்டும் பண்ணினேன்.”

நிம்மதியில் வாய்விட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே சிக்கிய மிளகாய்க் கொத்தை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

“ஏனுங்க, மிளகாய் போக எடமில்ல. இதுலயா என்னைய உக்கார வெச்சீங்க?”

“சுண்டுவிரல் போகும்.”

“ரோட்ல விரலா கெடக்குது? கல்லு போனா?”

நான் இத்தனை நாளாக எனக்கு நானே கேட்டுக்கொள்ளாமல் தப்பித்துவந்த கேள்வி அது. பதில் சொல்வதற்குள் ஆட்டோவை நிறுத்தியிருந்தாள். என் வண்டிக்குப் பின்னாலேயே வரும்படி ஆட்டோக்காரரிடம் இந்தியில் சொல்லி, அதில் ஏறிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“விழுந்தா அள்ளறதுக்கு ஆள் வேணுமில்லீங்க?”

மிளகாயைப் பிய்த்து எடுத்துவிட்டு உருட்டினேன். சத்தமே இல்லை, அது இன்னும் பயமாக இருந்தது. சாலையில் கிடந்த ஒவ்வொரு கல்லுக்கும் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டேன். கட்கி வந்ததும் ஆட்டோ என்னை முந்தியது, ஆனால் வளைகாப்பு வீட்டுக்குப் போகவில்லை. நேராக மெக்கானிக் கடை வாசலில் நின்றது.

“பழைய சக்கரத்த மாட்டுங்க,” என்றாள்.

மெக்கானிக் என் முகத்தைப் பார்த்தார். ஒரு கண் சிவந்து, தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது.

“அண்ணா, ஒரு டயருக்கா இப்டி அழறீங்க?”

மிளகாய் என்றேன். அவர் நம்பவில்லை.