லிப்டுக்குள் கிடைத்த சேவை

போன வருஷம் மார்கழியில், ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அபார்ட்மென்ட் லிப்டுக்குள் நடந்தது இது.

என் மகளுக்கு அப்போது நாலு வயது. ஆட்டிசம். பேச்சு வராததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். எது வேண்டுமென்றாலும் என் கையை இழுத்துப் போய் அதன்மேல் வைப்பாளே தவிர, என் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். இந்தக் கைக்கு மேலே ஒரு அம்மா இருப்பது இவளுக்குத் தெரியுமா என்று எத்தனையோ தடவை அழுதிருக்கிறேன்.

திருச்சியில் அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் மேடம் ஒரு வழி சொன்னார். “அவளுக்குப் பிடிச்சத உடனே குடுத்துடாதீங்க. அவளா கேக்கட்டும். கொஞ்சம் காத்திருந்து பாருங்க.”

அவளுக்கு உயிர், லிப்ட் பட்டனில் விளக்கு எரிவது. கை எட்டாது, நான்தான் அழுத்த வேண்டும். ஆனால் காத்திருக்க லிப்ட் என்ன எங்கள் வீட்டுச் சொத்தா? யாராவது வந்தால் சட்டென்று அழுத்திவிடுவேன்.

அன்று காலை பயிற்சிக்குக் கிளம்பி லிப்டில் நின்றபோது பக்கத்து வீட்டுத் தம்பதி ஏறினார்கள். பின்னாலேயே எதிர் வீட்டு மாமா. யாராவது லிப்டை நிறுத்திவைத்தால் வாட்ஸ்அப் குரூப்பில் பொரிந்து தள்ளுகிறவர். கோயிலில் பெருமாள் சேவைக்கு, அதாவது தரிசனத்துக்கு, கிளம்பிய அவசரம் வேறு.

“ஏன் நிக்கறது? ரிப்பேரா?” என்றார். திக்கித் திணறி விஷயத்தைச் சொல்லிவிட்டு, பட்டனுக்குக் கையை நீட்டினேன்.

“இரும்மா, குழந்தை கேக்கட்டும்” என்று தடுத்துவிட்டார்.

கதவு மூடிக்கொண்டது. மகள் என் கையை இழுத்தாள். நான் அசையவில்லை. சிணுங்கினாள், காலை உதைத்தாள். யாருடைய போனோ அடித்தது, உடனே அணைத்துவிட்டார்கள்.

திடீரென்று என் கையை விட்டாள். தலையை நிமிர்த்தி, நேராக என் கண்ணைப் பார்த்தாள். “ம்” என்றாள்.

அந்தக் கண்கள் எவ்வளவு அழகு! பிரமித்துப்போய் பட்டனை மறந்தே போனேன். “அழுத்தும்மா, கேட்டுட்டாளே!” என்று மாமாதான் கிசுகிசுத்தார். அழுத்தினேன், விளக்கு எரிந்தது. பக்கத்து வீட்டம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாமா கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் சன்னிதியில் திரை போட்டுவிட்டார்களாம். சாயங்காலம் போய், “என்னால சேவை தப்பிடுச்சு, மன்னிச்சுக்குங்க மாமா” என்றேன்.

“யாரு சொன்னா தப்பிடுத்துன்னு? லிப்டுலயே நன்னா சேவிச்சேனே!” என்றார்.

இன்றைக்கும் என் மகள் நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம், அவர் சொன்னது அத்தனையும் நிஜம் என்று எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.