கடைசியாக வந்த ‘ஜிஜி’

ஆன்லைன் கேமில் என் கூட்டாளியாக இருந்த, கேரளத்தின் வித்துராக்காரனை நான் நேரில் பார்த்ததே இல்லை. நோயில் அவன் இறந்த சில நாட்களில் அவனுடைய ஐடியில் பச்சை விளக்கு எரிந்தது. பதறி, ஹெட்செட்டை மாட்டினேன். பேசியது அவன் தங்கை.

“சேச்சி, ஆஸ்பத்திரியிலேருந்து அண்ணன் கடைசியா எங்களுக்கு ‘ஜிஜி’ன்னு அனுப்பியிருந்தான். அதுக்கு அர்த்தம் என்னதாக்கும்? அம்மா கேட்டுக்கிட்டே இருக்கா.”

“‘குட் கேம்’ங்கறதோட சுருக்கம், மோளே. ஆட்டம் முடிஞ்சதும் சொல்லுவோம். உங்ககூட விளையாடினது சந்தோஷம்னு அர்த்தம்.”

அவள் அதை அம்மாவிடம் சொல்வது கேட்டது. பிறகு அழுகை.

எங்கள் ஆட்டத்தில் ஒரு மரியாதை உண்டு. இனி ஜெயிக்க முடியாது என்று தெரிந்தவர்தான் ‘ஜிஜி’யை முதலில் சொல்வார். அதை மட்டும் நான் அவர்களிடம் சொல்லவில்லை.