சுற்றிப் பார்க்காத முட்டை

சமையல் மேடையில் முட்டை சுழலும் சத்தம் கேட்டது. கல்லூரியில் படிக்கும் மகள்தான் சுற்றிவிட்டிருந்தாள்.

"பூமிக்குள்ள இரும்புக் குழம்பு இருக்குப்பா. மேல் ஓட்டோட அது ஒண்ணாச் சுத்தாது. அதனால பூமி தள்ளாடுற விதமே மாறுதாம், இந்தப் பச்சை முட்டை மாதிரி" என்றாள்.

எனக்கு நான் வளர்ந்த வில்லாபுரம் வீட்டின் சிவப்புச் சிமெண்டுத் தரை நினைவுக்கு வந்தது. அம்மா அவித்த முட்டையையும் பச்சை முட்டையையும் ஒரே கூடையில் போட்டுவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அக்காவும் தரையில் சுற்றிப் பார்ப்போம். அவித்தது கம்பீரமாகச் சுழலும், பச்சை தள்ளாடும். அவித்ததை அம்மாவின் தம்பியான எங்கள் மாமாவின் வழுக்கையில் தட்டித்தான் உடைப்போம். அவரே ஆசையாகக் குனிவார்.

ஒருநாள் பசி அவசரத்தில் சுற்றிப் பார்க்காமலே தட்டிவிட்டேன். மஞ்சள் கரு அவர் மீசைவரை வழிந்தது. அம்மா கரண்டியோடு என்னை நோக்கி வந்தாள்.

மாமா அசையவில்லை. "யக்கா, அவன விடு. வெங்காயத்த வெட்டிப் போடு. மொட்டமாடி வெயில்ல போயி நிக்கிறேன், ஆம்லெட்டு ஆயிரும்!"

நான் இந்தக் கதையைச் சொல்லி முடித்தபோது, மகள் இன்னும் சுற்றிப் பார்க்காத ஒரு முட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு என் வழுக்கையையே பார்த்தாள்.

குனிந்தேன்.