சேக்காட்டுக்குப் போன மால்பெக்

ஞாயிறு காலை பதினொன்று இருபதுக்குத் திருநின்றவூரில் ஷேர் ஆட்டோ ஏறினோம், நானும் என் மனைவி மாலதியும். ஆவடிக்கு முன்னால் இருக்கும் சேக்காடு வரை ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர், ஆளுக்கு இருபது ரூபாய். என் மடியில் துண்டில் சுற்றிய மால்பெக் என்ற அர்ஜென்டினா சிவப்பு வைன் பாட்டில். பெங்களூரில் ஆயிரத்து எண்ணூறு கொடுத்து வாங்கியது.

“இன்னா அண்ணாத்தே, கொயந்தை மாதிரி அணைச்சுகினு வர்றே?” என்றார் ஓட்டுநர்.

“அர்ஜென்டினா கொயந்தைப்பா” என்றேன். மாலதி தொடையில் கிள்ளினாள்.

அவள் பயம் அவளுக்கு. போகிற இடம் அவள் அண்ணன் ரவி மச்சான் வீடு. தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். போன வருஷம் எங்கள் வீட்டு விருந்தில் அவர் வைனில் சோடா ஊற்ற, “இதுக்கு ரோஸ்மில்க் குடிக்கலாமே மச்சான்” என்று எல்லார் முன்னாலும் சொல்லித் தொலைத்தேன். பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டுப் போனவர், அப்புறம் தங்கையிடம்கூடப் பேசவில்லை. இப்போது அவரே கூப்பிட்டிருக்கிறார்.

“இன்னிக்கு வாயைத் திறந்தீங்க, எனக்குப் பொறந்த வீடே இல்லாம போயிடும்” என்றாள் மாலதி.

பன்னிரண்டு மணிக்கு மச்சான் வாசலுக்கே வந்து பாட்டிலை வாங்கிக்கொண்டார். நான் செருப்பைக் கழற்றி உள்ளே போவதற்குள் முக்கால் பாட்டிலை எவர்சில்வர் ஜக்கில் கவிழ்த்து, ஐஸ் போட்டு, தயாராக வைத்திருந்த இரண்டு பாட்டில் சோடாவையும் ஊற்றத் தொடங்கிவிட்டார். அவர் முன்பு குடியிருந்த தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் வழக்கம் அது. எதுவானாலும் ஒரே ஜக்கில் கலந்துதான் ஊற்ற வேண்டும், ஒருத்தருக்குத் தூக்கலாகவும் ஒருத்தருக்குத் தண்ணியாகவும் போகக் கூடாது. ஐயோ, என் ஆயிரத்து எண்ணூறு ரூபாய்! மாலதி என்னையே பார்த்தாள்.

“பிரமாதம் மச்சான்” என்றேன்.

ஒன்றரைக்கு மட்டன் சுக்கா வந்தது. அதற்குள் ஜக்கும் காலி, சோடாவும் காலி. பாட்டிலில் மிச்சமிருந்ததை மச்சான் அப்படியே இரண்டு டம்ளரில் ஊற்றினார். நாவல்பழச் சாறு போலக் கறுத்த சிவப்பு. சுக்காவோடு ஒரு வாய் குடித்தேன். அடடா! முதலில் கனிந்த பழம், பிறகு மிளகின் காரம், கடைசியில் லேசான புகை வாசம். விழுங்கிய பிறகும் நாக்கில் கனமாக நின்றது. கொழுப்புக் கறிக்கு ஈடுகொடுக்கிற வைன் இதுதான்.

மச்சான் கண்ணை மூடி இன்னொரு வாய் குடித்தார். காலி ஜக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மாலதி சோறு பிசைவதை நிறுத்திவிட்டாள்.

“ஏன் மாப்ளே, இத்தப் போயி சோடாவுல கெடுத்துட்டனே! பக்கத்துலதானே நின்னுகினு இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நல்லவேளை, அவரும் சிரித்துவிட்டார்.

நாலு மணிக்குக் கிளம்பினோம். தெருமுனை வரை வந்தார். “அடுத்த மாசம் உங்க ஊட்டுக்கு வரேன். நான் ஜக்கைத் தொட்டா கையத் தட்டி உடுங்க, இன்னா?”

ஆட்டோவில் ஏறிய பிறகுதான் மாலதி அழுதாள். அண்ணன் வரும்போது என்ன குழம்பு வைப்பது என்று அழுதுகொண்டே கேட்டாள்.