விண்வெளிக்குப் போன பிரமாணப் பத்திரம்

எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் தம் எழுபதாவது வயதில் விண்வெளிக்குப் போகப் போகிறார் என்ற செய்தியை ஓய்வூதியர் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் கேட்டேன். அமெரிக்காவில் இருக்கும் மகன், அப்பாவின் பீமரத சாந்திக்குப் பரிசாக, காசு வாங்கிக்கொண்டு ஆளை மேலே கொண்டுபோகும் ஒரு தனியார் நிறுவனத்தில் இடம் பதிவு செய்திருந்தான். எல்லாரும் கைதட்டினார்கள். சங்கத் தலைவரும் அவரே என்பதால் நானும் தட்டினேன். மேலே போகிறவர் அங்கேயே இருந்துவிட்டால் நல்லது என்று நினைத்ததையும் மறைக்க விரும்பவில்லை.

காரணம் 1989-இல் இருக்கிறது. வடாற்காட்டைப் பிரித்து எங்கள் மாவட்டத்தை உண்டாக்கிய வருடம் அது. நான் எந்தத் துறையில் இருந்தேன் என்பது இங்கே தேவையில்லை. எங்கள் பங்குக்கு வரவேண்டிய பழைய கோப்புகள் வேலூரிலிருந்து லாரியில் வந்தன. வியாழக்கிழமை, பகல் ஒன்றரை மணி. இறக்குவதற்கு ஆட்களைத் தயாராக நிறுத்தியிருந்தேன். அதிகாரி வெளியே வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"யோவ், புது ஜில்லா, புது ஆபீஸு. ராகு காலத்துலயா மொதக் கட்ட எறக்குவே? மூணு மணி ஆவட்டும்."

"சார், மேல தார்ப்பாய் இல்ல. வானம் ஒரு மாதிரி இருக்கு."

"மழைக்கு நீ ஜாமீனா? சொன்னதச் செய்யி."

இரண்டு மணிக்கு மழை பிடித்தது. மூன்று மணிக்கு, நல்ல நேரத்தில், கூழை இறக்கினோம்.

மறுநாள் அவர் வரவில்லை. அவருடைய மருத்துவ விடுப்பு விண்ணப்பம் வந்தது. இதயக் கோளாறு, நாற்பத்தைந்து நாள் ஓய்வு தேவை என்று ஒரு மருத்துவர் சான்றளித்திருந்தார். விடுப்பு புதன்கிழமையிலிருந்து தொடங்கியது. ஆக, வியாழக்கிழமை அவர் அலுவலகத்திலேயே இல்லை. இல்லாதவர் எப்படி உத்தரவு போடுவார்? கோப்புகளைப் பாதுகாக்கத் தவறியதாக எனக்கு ஒழுங்கு நடவடிக்கை விதி 17(ஆ)-வின் கீழ்க் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. சாட்சி சொல்ல வேண்டிய சக ஊழியர்கள் அன்று மழைக்கு உள்ளே இருந்ததாகச் சொன்னார்கள். மூன்று ஆண்டு ஊதிய உயர்வு நிறுத்தம், தொடர் விளைவுடன், அதாவது அந்த இழப்பு ஓய்வூதியம் வரை கூடவே வரும். பதவி உயர்வுப் பட்டியலிலிருந்தும் பெயர் போயிற்று. உட்கார்ந்த நாற்காலியிலேயே ஓய்வு பெற்றேன். என் தண்டனை ஆணையின் நகல் இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

விண்வெளிச் செய்தி வந்த சில மாதங்களில் ஒருநாள் காலை, அவர் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். முதல் தடவையாக என்னை 'சார்' என்றார்.

"சார், ஒரு சிக்கல். உங்கள விட்டா ரூல்ஸ் தெரிஞ்ச ஆள் இந்த ஊர்ல இல்ல."

நடந்தது இதுதான். நிறுவனம் கேட்டது மருத்துவப் படிவமும் அடையாளச் சான்றும் மட்டும். ஆனால் எங்கள் ஆட்கள் ஒரு விண்ணப்பத்தை இணைப்பு இல்லாமல் அனுப்பிப் பழகியவர்கள் இல்லை. இவர், கேட்காமலே, தம் பணிப்பதிவேட்டின் முழு நகலையும் பக்கத்துக்குப் பக்கம் சான்றொப்பம் வாங்கி வைத்து அனுப்பியிருந்தார். முப்பத்தைந்து வருட அரசுப் பணியைப் பார்த்து வெள்ளைக்காரன் அசந்துபோவான் என்ற எண்ணம். அவன் அசரவில்லை. உட்கார்ந்து படித்திருக்கிறான். 1989, இதயக் கோளாறு, நாற்பத்தைந்து நாள்.

"எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டேன். இதயம் கல்லு மாதிரி இருக்குன்னு டாக்டர் சொல்றாரு. அவன் ஒத்துக்க மாட்றான். அப்ப இருந்தது எங்க போச்சுன்னு கேக்கறான்."

"எங்க போச்சு சார்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் என் முகத்தை, அவரிடம் பல வருடம் வேலை பார்த்தபோது வைத்திருந்த மாதிரியே வைத்துக்கொண்டேன்.

"அது... லீவுக்காக வாங்குனது. உங்களுக்குத் தெரியாததா."

தாள்களை விட்டுப்போகச் சொன்னேன். நாற்பது பக்கத்துக்கு மேல் இருந்த ஒப்பந்தத்தை இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். அதைப் போல நேர்மையான ஆவணத்தை நான் படித்ததில்லை. இந்த வாகனம் பாதுகாப்பானது என்று எந்த அரசும் சான்றளிக்கவில்லை. பயணி காயமடையலாம், இறக்கலாம். இறந்தால் வாரிசுகள் வழக்குப் போட முடியாது. பயணத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் தள்ளிவைக்கலாம். பின்பக்கத்தில், சின்ன எழுத்தில், இன்னொன்றும் இருந்தது: வாகனம் இன்னும் கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. புறப்படும் நாள் என்ற இடத்தில் 'பின்னர் அறிவிக்கப்படும்'. இந்த இரண்டு சொற்களை நானே ஆயிரம் மனுக்களில் எழுதியிருக்கிறேன். அவற்றின் பொருள் எனக்குத் தெரியும். இவர் எங்கும் போகப்போவதில்லை.

அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் எழுதிக் கொடுக்க மாட்டார்.

"பிரமாணப் பத்திரம் ஒண்ணு குடுத்தாப் போதும் சார்," என்றேன். "நோய் இல்லன்னு மட்டும் எழுதுனா நம்ப மாட்டான். அன்னிக்கு நல்லா நடமாடிட்டு இருந்தீங்கன்னு காட்டணும். என்ன வேல பாத்தீங்க, எங்க நின்னீங்க, எல்லாம் வரணும்."

நான் எழுதினேன், அவர் முத்திரைத்தாளில் கையெழுத்திட்டார். "மேற்படி வியாழக்கிழமை நான் பூரண உடல்நலத்துடன் அலுவலகத்தில் இருந்தேன். மருத்துவச் சான்று விடுப்புக்காக மட்டும் பெறப்பட்டது. லாரியிலிருந்து கோப்புகளை இறக்குவதை மூன்று மணி வரை நிறுத்திவைத்து வாய்மொழி உத்தரவிட்டது நானே." அந்த வரியில் அவர் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு, வானத்தை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, போட்டுவிட்டார். நோட்டரி முன்னால் இரண்டு அசல்கள். ஒன்று அவருக்கு. ஒன்று 'ஆபீஸ் காப்பி' என்று என் பையில் வைத்துக்கொண்டேன். வழக்கம்தானே என்று அவரும் கேட்கவில்லை. மறுநாளே அது என் மேல்முறையீட்டு மனுவோடு தபாலில் சேர்ந்தது.

அந்தப் பௌர்ணமிக்குக் கிரிவலம் போனேன். அடி அண்ணாமலை டீக்கடைப் பக்கம் அவர் மனைவி வெறுங்காலோடு நின்றிருந்தார்.

"சார், நீங்க சொன்னா கேப்பாரு. வேணாம்னு சொல்லுங்க. போன தடவ வானத்துல ஒடஞ்சு ஏழு பேரு போனாங்களே, டிவில பாத்தேன். அதுல போன நம்ம நாட்டுப் பொண்ணு மூஞ்சி கண்ணுலயே நிக்குது. இவரு என்னடான்னா, பயிற்சின்னு தீபத்துக்கு வந்த ராட்டினத்துல ஏறி வாந்தி எடுத்துட்டு வர்றாரு. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் சுத்தறேன்னு வேண்டிக்கிட்டிருக்கேன்."

ஒரே வாக்கியத்தில் அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். 'பேசிப் பாக்கறேம்மா' என்றேன். அலுவலகத்தில் யாரையும் வெறுங்கையோடு அனுப்ப நாங்கள் சொல்வது.

ஒரு வருடம் போயிற்று. நிறுவனம் முதலில் ஆறு மாதம் தள்ளியது. பிறகு, தரையில் வைத்துச் சோதித்தபோது இயந்திரம் வெடித்தது. பிறகு கடிதங்களே வரவில்லை. கடைசியில் மகன் போன் செய்து, கம்பெனியை மூடிவிட்டார்கள் என்றான். அன்று மாலையே அதிகாரி என் வாசலுக்கு வந்தார்.

"அந்தக் காப்பியக் குடுத்துடுங்க சார். இனிமே அது எதுக்கு?"

"பெறப்பட்ட ஆவணம் திருப்பித் தர்றதுக்கு விதி இல்லைங்களே சார்."

"வெளையாடாதய்யா!"

"தபால்ல சேத்து ஒரு வருஷம் ஆச்சு சார்."

அவர் தூணைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் வேண்டுமா என்று நான் கேட்கவில்லை.

ஓய்வு பெற்றவர் மேல் இத்தனை வருடத்துக்குப் பிறகு நடவடிக்கை எடுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். என் தண்டனையை ரத்து செய்யலாம், அதைச் செய்தார்கள். ஆணை என் கைக்கு வந்த வாரத்தில் அவருடைய பீமரத சாந்தி, பூமியிலேயே, வேங்கிக்கால் வீட்டில் நடந்தது. சங்கத்தில் எல்லாருக்கும் அழைப்பு. மொய்க் கவரில் ஆணையின் நகலை வைத்து, மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தவர் கையில் கொடுத்தேன். பிரித்துப் படித்தார். அவருடைய உறுதிமொழியை ஆணையில் வரிக்கு வரி எடுத்துப் போட்டிருந்தார்கள்.

"என்னங்க அது?" என்றார் மனைவி.

"ஒண்ணுமில்ல. பழைய ஆபீஸ் விஷயம்."

"நான் சொல்றேம்மா," என்றேன். சொன்னேன். சங்க உறுப்பினர்கள் காதில் விழும் குரலில், லாரி, மழை, சான்றிதழ், எல்லாவற்றையும் சொன்னேன். பதினெட்டு வருடம் மனத்துக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு. ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. பேச்சின் வேகத்தில், அந்த வாகனம் பறக்காது என்பது ஒப்பந்தத்தைப் படித்த அன்றே எனக்குத் தெரியும் என்பதையும் பெருமையாகச் சேர்த்துவிட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் பார்க்க விரும்பியது அதைத்தான். ஆனால் அந்த அம்மாள் அவரைப் பார்க்கவில்லை.

"போகாதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்மா."

"நான் வந்து கேட்டப்பவே தெரியுமா?"

தலையாட்டினேன்.

"ஒரு வருஷமா நான் தூங்கலயே சார்," என்றார். குரலை உயர்த்தவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் இப்போது என்னைப் பார்த்தார்கள்.

பிறகு அந்த அம்மாளே, "எல போட்டாச்சு, சாப்ட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் சாப்பிட்டேன். எழுந்து போனால் தோற்றதாகிவிடும் என்று கடைசி மோர் வரை உட்கார்ந்திருந்தேன். என் இருபுறமும் இரண்டு இலைகள் காலியாகவே கிடந்தன.