பெற்றூனியாவை வைத்து நாள் குறித்தேன்

சுண்ணக்கட்டித் தூளால் வந்த இருமல் என்றுதான் இரண்டு மாதமாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் பள்ளிக்கூட ஆசிரியை என்பதால் எவரும் சந்தேகப்படவில்லை. இருமி வாய் துடைத்த லேஞ்சியில் இரத்தம் கண்ட அன்று அந்தப் பொய் முடிந்தது.

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் டாக்குத்தர் சயரோகம் (நெஞ்சைக் கிருமி அரிக்கும் நோய்) என்றார். இதை நான் எழுதும் 1938இலும் இதற்கு மருந்து இல்லை. ஓய்வு, நல்ல காற்று, பால், முட்டை, அவ்வளவுதான் வைத்தியம். என் மகளுக்கு அப்போது எட்டு மாதம்.

“குழந்தையைக் கிட்ட எடுக்கக் கூடாது. மூண்டு மாதத்துக்கு ஒருக்காச் சளி பாப்பம். கிருமி இல்லையெண்டால் தூக்கலாம்,” என்றார்.

மகளை நல்லூரிலிருந்த அக்கா கொண்டுபோனாள். இணுவிலில் எங்கள் வளவின் மூலையில் எனக்குத் தென்னோலைக் கிடுகால் ஒரு கொட்டில் போட்டார்கள். நாள் முழுதும் படுத்திருந்தேன். மார்பில் பால் வற்ற ஒன்பது நாள் எடுத்தது.

கார்த்திகையில், பள்ளிக்கூடத்து வெள்ளைக்காரத் தலைமை ஆசிரியை, எங்கள் மிசியம்மா, கடதாசியில் மடித்துப் பெற்றூனியா விதை அனுப்பினார். மூன்று மாதத்தில் பூக்கும் என்று இங்கிலீசில் எழுதியிருந்தார். சளிப் பரிசோதனையும் அப்போதுதான். பூத்தால் சுகம், மகள் கைக்கு வருவாள் என்று எனக்குள்ளேயே முடிவு கட்டினேன். படித்தவள்தான், ஆனால் படுத்துக் கிடந்தால் புத்தி அப்படித்தான் போகிறது.

என் கணவர் புகையிலைத் தோட்டக்காரர். விதையை உள்ளங்கையில் கொட்டியதும் அவர் முகம் மாறியது. புகையிலை விதையைப் போலவே தூள்.

“இந்த விதையை என்னட்டை விடும்,” என்றார்.

சாம்பலோடு கலந்து, மண்ணால் மூடாமல் மேலாகத் தூவினார். பூவாளியால் நனைத்து, மழைக்குக் கிடுகு மறைப்புக் கட்டினார். நாற்று நாலு இலை விட்டதும் மண்ணெண்ணெய்த் தகரங்களிலும் கொட்டிலின் முன் ஒரு பாத்தியிலும் நட்டார். புகையிலைக் கன்றுக்குக்கூட அவர் அவ்வளவு பார்த்ததில்லை.

மொட்டுக் கட்டிய வாரம் எனக்குக் காய்ச்சல். எழுந்து பார்த்தபோது ஒரு மொட்டும் இல்லை. கணவர் செடிகளின் தலையைக் கிள்ளி, பக்கக் கொழுந்துகளையும் ஒன்று விடாமல் எடுத்திருந்தார். இலை பெருக்கப் புகையிலைக்குச் செய்வது அது. மறுவாரம் சளியில் கிருமி இருந்தது. வெட்கம்தான், ஆனாலும் எழுதுகிறேன்: அவர் கிள்ளியதால்தான் என்று நம்பினேன். நாலு நாள் அவரோடு கதைக்கவில்லை.

ஐந்தாம் நாள் ஒரு கோப்பையில் கழுவிய இலைகளோடு வந்து வாசலில் நின்றார்.

“நல்லாத் தடிச்சிட்டுது. அவிச்சுக் குடிக்கிறதோ, பச்சையாத் தின்னுறதோ?”

“எதை?”

“மிசியம்மா அனுப்பின மருந்தை.”

“மருந்தெண்டு ஆர் சொன்னது? உது அழகுக்கு வைக்கிற பூக்கண்டு!”

“படுக்கையிலை கிடக்கிற வருத்தக்காரருக்குப் பூவிதை ஆர் அனுப்புவினம்?” என்றார்.

முதலில் சிரித்தேன். பிறகு இருமல் வரும்வரை அழுதேன்.

அதன்பின் அவர் கிள்ளவில்லை. கிளைகள் வெடித்து, பங்குனி வெயிலில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்தன. அடுத்த பரிசோதனையின்போது செடி நிறையப் பூ, சளியிலும் கிருமி. இதே நோயோடு இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: எதையும் வைத்து நாள் குறிக்காதீர்கள். கிருமிக்கு உங்கள் கணக்குத் தெரியாது.

ஆவணியில்தான் சளி சுத்தமானது. செடிகள் எப்போதோ கருகிவிட்டன. அக்கா மகளைக் கூட்டி வந்தாள். தூக்கி அல்ல, நடத்தி. அவள் அக்காவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள். வெகுநேரம் கழித்து, ஒரு பிஸ்கோத்துக்காகக் கிட்ட வந்தாள்.

தூக்கினேன். என் கை எட்டு மாதக் குழந்தையின் பாரத்துக்குத்தான் ஆயத்தமாக இருந்தது. தாங்காமல் இறக்கிவிட்டேன்.

“பாரமோ?” என்று கேட்டார் கணவர்.

“ஓம். நான் பாயிலை இருக்கிறன், பிள்ளையை மடியிலை தாங்கோ,” என்றேன்.