எல்லாரையும் போலத்தான்

கினுயோ கையில் கத்தரிக்கோலைப் பிடித்தபடி உட்கார்ந்தவாக்கிலேயே தூங்கிப்போனாள். கத்தரி பாதி திறந்திருந்தது. அதன் வாயில் ஒரு காய்ந்த கடற்பாசி இலை, வெட்டுப்படாமல். எதிரே கட்டுக் கட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் மோரியோ முதலில் சிரித்தான். பிறகு கத்தரிக்கோலை மெதுவாக உருவிக் கீழே வைத்துவிட்டு வெளியே போனான். காற்றில் கொஞ்ச நேரம் நின்றான். திரும்பி வந்து பார்த்தான். தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

எங்கள் எரிமோ கடல்முனையில் பெண்கள் பகலில் தூங்குவதில்லை. கோடையில் படகு கரை தொட்டதும் ஈரப் பாசியை இழுத்துப்போய்க் கூழாங்கல் களத்தில் ஒவ்வொன்றாக நீட்டிப் போட வேண்டும். ஆளைவிட நீளம், தோல்வார் போலத் தடிமன். மேகம் திரள்வதற்குள் அள்ளியாக வேண்டும். குளிர்காலத்தில் கொட்டகைக்குள் கணப்பைச் சுற்றி உட்கார்ந்து, ஓரம் நறுக்கி, தரம் பிரித்து, கட்ட வேண்டும். நறுக்கின ஓரங்களை மென்றுகொண்டே வேலை செய்வோம். வெற்றிலை போடுகிறவர்களுக்கு வெற்றிலை எப்படியோ அப்படி. களத்தில் கினுயோ நடந்து பார்த்தவர் எங்களில் யாரும் இல்லை. ஓடுவாள்.

அவள்தான் இப்போது சாப்பிட்ட தட்டுக்கு முன்னால் தூங்கினாள். கணப்பை ஒட்டி உட்கார்ந்தும் குளிருகிறது என்றாள். முகம் உப்பியது. குரல் தடித்து, வேறு யாரோ அவள் வாய்க்குள்ளிருந்து பேசுவது போல ஆயிற்று. எவ்வளவு தூங்கினாலும் தூங்கி எழுந்தவள் போல இல்லை.

மோரியோவுக்குப் பெரிய பயம் குளியல் தொட்டி. கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்து அவள் தூங்கிவிட்டால் அவ்வளவுதான். எங்கள் பக்கம் கிழடுகள் அப்படிப் போயிருக்கின்றன. கினுயோ கிழவி அல்ல. ஆனால் தண்ணீர் வயது பார்க்காது. அவள் குளிக்கப் போனதும் அவன் கதவுக்கு வெளியே நடந்துகொண்டிருப்பான்.

"இருக்கியா?"

"இருக்கேன்."

நாலு எட்டு அந்தப் பக்கம். நாலு எட்டு இந்தப் பக்கம்.

"இருக்கியா?"

"இருக்கேங்க. எங்க போவேன், துணி கூட இல்லாம?"

உள்ளூர் வைத்தியர் வயசு என்றார். ஐம்பத்தைந்தைத் தாண்டின பெண்கள் எல்லோருக்கும் அவர் சொல்வது அதுதான். மோரியோ ஒத்துக்கொள்ளவில்லை. வயது ஒரு குளிர்காலத்தில் இறங்குகிற சரக்கு அல்ல என்பது அவன் கட்சி. "வாய் வழியா ஏதோ போயிருக்கு. போனதை நிறுத்தினா தானா சரியாகும்" என்றான்.

தேட ஆரம்பித்தான். பொடிக் காப்பி முதலில் போனது. பிறகு தொத்திறைச்சி. கடையில் வாங்குகிற ஊறுகாயில் சாயம் இருக்கிறதென்று அதைக் கொல்லையில் கொட்டினான்; காக்கைகள் வந்து தின்றன, ஒரு காக்கையும் தூங்கவில்லை. கோப்பை நூடுல்ஸ் போனது. டப்பா மீன், டப்பாவுக்காகப் போனது. கினுயோவுக்கு ஒரே ஒரு சபலம், சிவப்புப் பயறு பூரணம் வைத்த பன். அதையும் நிறுத்தினான்.

"அதுல என்ன இருக்கு? பயறுதானே?"

"சர்க்கரை இருக்கு. சர்க்கரைதான் ஆளைத் தூங்க வைக்கும்."

"நீங்க தின்னுட்டுத் தூங்கலையே."

"நான் ஆம்பளை."

"ஓ. பன்னுக்கு அது தெரியுமா?"

ஆனால் நிறுத்தினாள். ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க மேசை வெறிச்சோடியது. கடைசியில் மிஞ்சியவை சோறு, மீன், பாசி. பாசி போட்டுக் கொதிக்கவைத்த சூப். பாசிச் சுருளுக்குள் மீன் வைத்து வேகவைத்தது. பாசியைச் சீவிச் சோற்றின் மேல் தூவினது. சுத்தமான சாப்பாடு என்று மோரியோ நினைத்தான். கூடவே மருந்தும் கொடுத்தான். பாசியின் வேர்க்கட்டையை ராத்திரி தண்ணீரில் போட்டு வைத்தால் காலையில் தண்ணீர் வழவழவென்று கெட்டியாகியிருக்கும். ரத்தக் கொதிப்புக்கும் மூட்டு வலிக்கும் பெயர் தெரியாத எல்லாவற்றுக்கும் எங்கள் கரையில் அதுதான். தினமும் காலையில் ஒரு தம்ளர், அவன் கையாலேயே. அவள் மோசமானபோது இரண்டு தம்ளர் ஆக்கினான்.

குணம் தெரியவில்லை. நகரத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான். இளவயது டாக்டர். கினுயோவின் கழுத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். எச்சில் விழுங்கச் சொன்னார். பிறகு கேட்டார்: "கடற்பாசி நிறையச் சாப்பிடுவீங்களாம்மா?"

கினுயோ வாயைத் திறந்தாள். அவள் பேச்சு இப்போது கிளம்ப நேரமாகும். மோரியோ முந்திக்கொண்டான்.

"இல்லீங்க டாக்டர். எல்லாரையும் போலத்தான்."

பொய் சொல்லவில்லை. எங்களில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்போம்.

டாக்டர் தலையாட்டினார். ரத்தம் எடுத்தார்கள். கழுத்தில் இருக்கிற சுரப்பி மந்தமாக வேலை செய்கிறது, ஏன் என்று தெரியவில்லை என்றார். குளிர் முடிந்ததும் மறுபடி பார்த்துவிட்டு மாத்திரை தொடங்கலாம் என்றார். சுரப்பி என்பது மோரியோவுக்குப் பிடிக்கவில்லை. அதைக் கொல்லையில் கொட்ட முடியாது.

தை பிறந்திருந்தது. அப்போதுதான் கினுயோவின் தங்கை நொபுகோ பனிக்கட்டியில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டாள். ஒபிஹிரோ பக்கம் மாட்டுப்பண்ணையில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே ஆள் வேண்டும். "இந்த நிலைமையில நீ போய் என்ன செய்வ? மாட்டுக் கொட்டகையில தூங்குவியா?" என்றான் மோரியோ. "தூங்கினா மாடு எழுப்பும்" என்று கினுயோ பையைக் கட்டினாள்.

வீட்டில் மோரியோவால் இருக்க முடியவில்லை. கட்டின கட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான். குளிக்கும் அறைப் பக்கம் போய் நின்றுவிட்டுத் திரும்பினான். மாலையானால் தொலைபேசி.

"நொபுகோ, குளிக்கும்போது வெளியில ஆள் நிக்குதா?"

"நொண்டிக் காலோட நான்தான் நிக்கிறேன் அத்தான். உங்க பெண்டாட்டி உள்ள என்னைத் திட்டுறா."

பனி இளகத் தொடங்கின ஒரு நாள் போன் செய்தான். "அக்கா தூங்குறாளா?"

"தூங்குறதாவது! கன்னுக்குட்டியைத் துரத்திக்கிட்டு ஓடுறா. காலையில எனக்கு முன்னாடி எந்திரிச்சு சட்டி பானையை உருட்டுறா. எனக்குத்தான் தூக்கமில்லை."

மோரியோ சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டான். அதோடு வேறொன்றும் உறுத்தியது. தான் பார்த்துப் பார்த்து ஊட்டி ஆகாதது அங்கே மாட்டுச் சாணத்துக்கு நடுவில் ஆகியிருக்கிறது.

கூட்டிவரப் போனபோது கினுயோ வாளியோடு எதிரே வந்தாள். முகம் பழைய அளவுக்குச் சிறுத்திருந்தது. குரலில் சதை குறைந்திருந்தது. மோரியோ அவளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு நேரே சமையலறைக்குள் போனான். பானை மூடிகளைத் திறந்தான்.

"என்னத்தைப் போட்ட?" என்று நொபுகோவைக் கேட்டான்.

"என்னத்தைப் போடறது? உருளைக்கிழங்கு. பால். வெண்ணெய். எங்ககிட்ட வேற என்ன இருக்கு?"

உருளைக்கிழங்கு. மோரியோ ஒரு கிழங்கைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தான். மூட்டையாகவே வண்டியில் ஏற்றினான். பாலும் வெண்ணெயும் ஏற்றினான். வாசலில் ஊன்றுகோலோடு நின்ற நொபுகோ, "ஒரு மாட்டையும் ஏத்திக்குங்க அத்தான். முன்சீட்டுல அக்கா, பின்னால மாடு" என்றாள்.

வீட்டில் வேளைக்கு வேளை உருளைக்கிழங்கு. பாசி போட்டுக் கொதித்த நீரில் வெந்த உருளைக்கிழங்கு. காலையில் வேர்த் தண்ணீர், அங்கே இத்தனை நாள் விட்டுப்போனதே என்று தம்ளர் வழிய. கினுயோ வாங்கிக் குடித்தாள். தம்ளரை ஒரு நொடி பார்த்தாள், அவன் நின்றுகொண்டிருந்தான், குடித்தாள்.

களத்துக் கற்களிடையே புல் முளைக்கத் தொடங்கியபோது அவள் மறுபடி தூங்க ஆரம்பித்தாள்.

ஒரு சாயங்காலம், "இருக்கியா?" என்று கேட்டான். பதில் இல்லை. எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். மறுபடி கேட்டான். கதவைத் தள்ளினான். தண்ணீர் அவள் மோவாயைத் தாண்டி கீழுதட்டில் நின்றது. வாய் மூடியிருந்ததுதான் நல்ல காலம். அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினான். முக்கால் தொட்டித் தண்ணீர் தரையில் ஊற்றியது. அவள் கண்ணைத் திறந்து, "என்னங்க, மழையா?" என்றாள்.

அவளைப் போர்த்திப் படுக்கவைத்துவிட்டு ஈரச் சட்டையோடு தொலைபேசியை எடுத்தான்.

"நொபுகோ. நல்லா யோசிச்சுச் சொல்லு. ஒண்ணு விடாம. அங்க அவ என்ன தின்னா?"

"அத்தான், எத்தனை தடவை..."

"சூப்புக்கு என்ன போட்ட?"

"கிழங்கு, வெங்காயம்..."

"அடியில. தண்ணியில. என்ன போட்டுக் கொதிக்க வைப்ப?"

"நெத்திலிக் கருவாட்டுப் பொடி."

"பாசி?"

மறுமுனையில் மாடு கத்தியது.

"பாசி போட்டியா இல்லையா?"

"அத்தான், கோவிச்சுக்கக் கூடாது. நீங்க வருஷா வருஷம் முதல் தரமாப் பாத்து அனுப்புறீங்க. எங்க வீட்டு ஆளுக்கு அந்த வழவழப்பு ஆகாது. அலமாரியில அப்படியே இருக்கு. நீங்க வந்தப்ப முன்னால துணியடுக்கி மறைச்சு வச்சேன். கல்யாணமானதுலேருந்தே அப்படித்தான்."

மோரியோ போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்றான். நாளைக் காலைக்கான தம்ளர் அங்கே இருந்தது, வேர்க்கட்டை அடியில் கிடக்க. அவனே போட்டு வைத்தது. எடுத்தான். வைத்தான். எடுத்துப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தான். அது நீர் போல ஓடவில்லை, எச்சில் போல இறங்கியது. அந்த வீட்டின் கூரை பாசிக் காசு போட்டது. படகு பாசி வாங்கினது. மகளை சப்போரோவில் படிக்கவைத்ததும் அதுதான். அவன் அப்பா சாகும்போது கடைசியாக வாயில் விட்டதும் இந்தத் தண்ணீர்தான்.

மறுநாள் இருவரும் நகரத்துக்குப் போனார்கள். டாக்டர் கேட்பதற்கு முன்னாலேயே மோரியோ பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசைமேல் பிரித்து வைத்தான். காய்ந்த பாசி இலைகள், சீவல், நறுக்கின ஓரங்கள், இரண்டு வேர்க்கட்டை. அறையில் கடல் நாற்றம் எழுந்தது.

"அன்னிக்குக் கேட்டீங்களே, எவ்வளவு சாப்பிடுவீங்கன்னு. நான் சரியாச் சொல்லல. இவ்வளவு."

டாக்டர் ஒரு இலையைத் தூக்கிப் பார்த்தார். "இது ஒரு மாசத்துக்கா?"

"இல்லீங்க. ஒரு நாளைக்கு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். கினுயோவுக்குச் சிரிப்பு வந்தது. தடித்த குரலில் சிரித்தாள்.

பாசியில் இருக்கிற அயோடின் அளவு மீறினால் சுரப்பி முடங்கும் என்றார் டாக்டர். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை, சிலருக்கு ஆகும். அடியோடு நிறுத்துங்கள், மாத்திரை தேவையா என்று பிறகு பார்க்கலாம். கிளம்பும்போது பொட்டலத்தை என்ன செய்வது என்று மோரியோவுக்குத் தெரியவில்லை. "நல்ல சரக்குங்க, நீங்க வச்சுக்குங்க" என்றான். டாக்டர் கையை உயர்த்தி வேண்டாம் என்றார். திரும்ப மடித்துப் பைக்குள் வைத்தான்.

வண்டி கடற்கரைச் சாலையில் திரும்பியது. அவன் சாலையைப் பார்த்தே பேசினான்.

"உனக்குத் தெரியுமா?"

"நொபுகோ வீட்டுல இருந்தப்பவே தோணுச்சு."

"வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"காலங்கார்த்தால தம்ளரோட வந்து நிப்பீங்க. அந்த மூஞ்சியைப் பாத்து வேணாம்னு எப்படிச் சொல்றது?"

அவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். இறங்கினான். சும்மா ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி ஏறி ஓட்டினான்.

எங்கள் கூட்டுறவுக் கடையில் கருவாட்டுப் பொடி உண்டு. பாசி எடுக்கிற வீட்டார் யாரும் வாங்குவதில்லை. மோரியோ அடுத்த ஊர்க் கடைக்குப் போய் வாங்கிவந்தான், களவுச் சரக்கைப் போல சட்டைக்குள். சூப்பை அவனே வைத்தான். கினுயோ குடித்துப் பார்த்து, "காலே இல்லாத மேசை மாதிரி இருக்கு" என்றாள். அவனும் அதையே குடித்தான். இனி அந்த வீட்டில் ஒரு பானைதான் என்று சொன்னான்.

கொட்டகைதான் கஷ்டம். குளிர்காலத்துச் சரக்கு இன்னும் மிச்சமிருந்தது. கத்தரிக்கும்போது அவள் கை தானாக ஓரத்தை வாய்க்குக் கொண்டுபோகும். நாற்பது வருஷத்துக் கை. கடைசியில் மூக்கையும் வாயையும் மூடிச் சளிக்குக் கட்டுகிற வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு அராக்கி அம்மாள் கட்டுக் கயிறு கேட்டு வந்தாள். கணப்பருகே உட்கார்ந்து ஒரு ஓரத்தை எடுத்து மென்றபடி, "என்ன கினு, சளியா?" என்றாள்.

"ஆமாக்கா. விடவே மாட்டேங்குது."

மோரியோ எழுந்தான். உட்கார்ந்தான். கயிற்றை எடுத்துக் கொடுத்தான். மறுபடி எழுந்தான்.

"சளி இல்லக்கா. பாசி. தின்னு தின்னு அவளுக்குச் சுரப்பி கெட்டுப்போச்சு. டாக்டர் தொடக்கூடாதுன்னுட்டார்."

கத்தரிக்கோல் நின்றது. அராக்கி அம்மாள் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பாசிக்காரன் வாயில வர்ற பேச்சாடா இது? வாங்க வர்றவன் காதுல விழுந்தா இந்தக் கரை முழுக்க வாயில மண்ணு."

"நான் என்ன விக்க வேணாம்னா சொன்னேன்? திங்கறதைத்தான் சொன்னேன்."

"உங்கப்பன் இருந்திருந்தா உன்னைக் கடல்ல தள்ளியிருப்பான்."

அவள் மென்றுகொண்டிருந்ததை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தாள். பழுப்பாக, பல் பட்டுப் பிசுபிசுத்த துண்டு. கொஞ்ச நேரம் பார்த்தாள். திரும்ப வாயில் போட்டுக்கொண்டு, குளிருகிறது என்று கணப்பை ஒட்டி நகர்ந்தாள். வெளியே வெயில் அடித்தது.

அவள் போன பிறகு இருவரும் வேலையைத் தொடர்ந்தார்கள். மோரியோ முதுகைக் காட்டிக் கட்டிக்கொண்டிருந்தான். காது பின்பக்கம் இருந்தது. கத்தரிக்கும் சத்தம். இலை விழும் சத்தம். கத்தரிக்கும் சத்தம். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அவன் திரும்பவில்லை. கை கயிற்றிலேயே நின்றது.

"இருக்கியா?"

"இலை முடிச்சுப் போட்டிருக்கு. அவுக்கிறேன்" என்றாள் கினுயோ துணிக்குள்ளிருந்து. "உங்க கட்டைப் பாருங்க. அவிழ்ந்து கிடக்கு."